எண்பத்துநான்காம் பக்கம்

எண்பத்துமூன்றாம் பக்கத்துக்குப் பிறகு வெறும் அட்டைதான் இருந்தது.

வேதசிரோமணி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். விரலை எச்சிலில் தொட்டுத் தொட்டு எண்ணினான். பிறகு, இது லைப்ரரிப் பொருள், எச்சில் படக்கூடாது என்று நினைவு வந்து, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு எண்ணினான். விரல் ஈரமாக இருந்தாலும் காய்ந்திருந்தாலும் எண்பத்துமூன்றுதான் வந்தது.

"யூனிஸ், இங்கே ஒரு பேப்பர் பாத்தியா?"

"இந்த வீட்டுல பேப்பரைத் தவிர வேற என்னங்க இருக்கு?" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

அதுவும் நியாயம்தான். யூனிஸ் பள்ளிக்கூட டீச்சர். சேலையூர் காலனியில் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் பாதி இடம் அஞ்சாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களுக்கு. மீதிப் பாதியில் வேதசிரோமணியின் புத்தகங்கள். மனிதர்கள் நடுவில் வழிவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

வேதசிரோமணி தாம்பரம் பீட்டர்சன் நினைவுக் கல்லூரியில் உதவி நூலகர். தற்காலிக உதவி நூலகர் என்பதுதான் சரி. அந்தத் தற்காலிகம் மூன்று வருஷமாக நீடித்துக்கொண்டிருந்தது. இந்த 1973 மார்ச் கடைசியில் கமிட்டி கூடி அவனை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறது. வீட்டுக்கு அனுப்ப அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டால், அது இதோ, எண்பத்துமூன்றாம் பக்கத்தோடு நின்றுபோய் அவன் மடியில் கிடந்தது.

ஏனென்றால் இது வசனகர்த்தா அரிகிருஷ்ணனின் கையெழுத்துப் பிரதி.

அரிகிருஷ்ணன் ஐம்பதுகளில் கொடிகட்டிப் பறந்தவர். இருபத்திரண்டு படங்களுக்கு வசனம், பதினோரு நாடகங்கள். படம் எப்படிப் போனாலும் முடிவு மட்டும் தூக்கி நிறுத்திவிடும் என்று அவருக்குப் பெயர். நடுவில் எழுந்துபோய் பீடி குடிக்கிறவன்கூடக் கடைசி ரீலுக்கு ஓடி வந்து உட்கார்ந்துவிடுவானாம். இப்போது வயது அறுபத்தெட்டு. பம்மலில் வீடு. பட வாய்ப்பு நின்று பத்து வருஷம் ஆகிறது. "என் காகிதங்களை உங்கள் கல்லூரிக்குத் தர விரும்புகிறேன்" என்று அவராகவே கடிதம் போட்டார். பிரின்ஸிபால் பூரித்துப்போய் வேதசிரோமணியை அனுப்பி வைத்தார்.

இரண்டு டிரங்குப் பெட்டிகள் வந்தன. நாடக நோட்டீஸ்கள், வசன நோட்டுகள், மாலை போட்ட போட்டோக்கள், ஒரு கட்டுத் தந்திகள். தந்திகளைப் படித்ததும் வேதசிரோமணிக்குப் பிரமிப்பாக இருந்தது. ‘முடிவு உடனே அனுப்பவும்.’ ‘முடிவு எங்கே?’ ‘செட் தயார், நடிகர்கள் தயார், முடிவுக்குக் காத்திருக்கிறோம்.’ ஒரு மனிதருடைய முடிவுக்குப் பட முதலாளிகள் இப்படியா அலைந்திருப்பார்கள்! அதற்கென்று தனி ஃபைல் போட்டு, மேலே ‘புகழ்’ என்று எழுதி வைத்தான்.

எல்லாவற்றிலும் உசத்தி, இதுவரை மேடையே ஏறாத ஒரு நாடகம். ‘பெட்டியோடு வந்தவன்.’ அரிகிருஷ்ணன் தாமே டைப் அடித்திருந்த பட்டியலில் ‘கையெழுத்துப் பிரதி, பக்கங்கள் 84’ என்று இருந்தது.

"எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க தம்பி" என்றுதான் அவரும் சொன்னார்.

பெரிய மனிதர் எதிரே உட்கார்ந்துகொண்டு, அவர் கொடுத்ததை எண்ணிப் பார்ப்பதா? அவர் வீட்டுக் காப்பியை வேறு குடித்தாகிவிட்டது. "ஐயோ, என்ன சார் இது, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வேதசிரோமணி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

அதோடு விட்டானா? படித்துப் பார்க்கும் ஆசையில் பிரதியை சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அபூர்வப் பிரதிகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது லைப்ரரியின் முதல் விதி. அதை அழகாக எழுதி, கண்ணாடி போட்டு மாட்டியவனே அவன்தான்.

வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு வேதனையும் இருந்தது. முடிவு என்னவென்று தெரியவில்லை.

நாடகத்தின் கதை இதுதான். ஒரு ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் மறுநாள் கல்யாணம். வாசலில் ஒருவன் பெட்டியோடு வந்து நிற்கிறான். இருபது வருஷம் முன்னால் ஓடிப்போன மூத்த மகன் நான்தான் என்கிறான். அப்பா நம்பவில்லை. தங்கை நம்புகிறாள். சொந்தக்காரர்கள் நாலு விதமாகப் பேசுகிறார்கள். அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. எண்பத்துமூன்றாம் பக்கத்தின் அடியில்தான் எழுந்து வருகிறாள். "ஒரே கேள்வி கேக்கறேன். என் பிள்ளைக்குத்தான் அதுக்குப் பதில் தெரியும். நீ வீட்டை விட்டுப் போன அன்னிக்கு விடியக்காலையில நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

வந்தவன் மெல்லத் தலை நிமிர்கிறான். அவ்வளவுதான். பிறகு அட்டை.

யூனிஸும் ஈரக்கையோடு நின்றபடியே கடைசி ஐந்து பக்கங்களைப் படித்தாள். "அப்புறம்?" என்றாள்.

"அதைத்தானே தேடறேன்!"

கட்டிலைப் புரட்டினார்கள். அரிசி டின்னுக்கு அடியில் பார்த்தார்கள். கடைசியில் யூனிஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை பழைய பேப்பர்காரனுக்கு ஒரு கட்டு போட்டேங்க. அவன் ஸ்டேஷன் வாசல் சுண்டல்காரம்மாவுக்குத்தான் குடுப்பான்."

மறுநாள் சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேதசிரோமணி முனியம்மாவின் கூடை முன்னால் நின்றான்.

"இருக்கற பொட்டலம் அத்தனையும் குடும்மா."

"அம்மாம் பசியா சார்?"

அவன் ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். சுண்டலைத் துண்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அஞ்சாம் வகுப்புக் கணக்கு. அடுத்தது சரித்திரம். அடுத்தது மறுபடியும் கணக்கு, பூஜ்யம் மதிப்பெண்.

"இன்னா சார், சுண்டலைக் கொட்டிட்டுக் காயிதத்தைப் பட்சிகினு கீறே? பேஜாராக்கீதே ஒன்னோட!" முனியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். கூட்டம் கூடியது. புதையல் வரைபடம் என்றார் ஒருவர். அவரும் சும்மா இருக்காமல் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

"மிஸ்டர் வேதசிரோமணி!"

குடையோடு நின்றவர் தலைமை நூலகர் ஞானஜோதி அம்மாள். ஐந்து நாற்பது ரயிலுக்கு வந்தவர். புத்தகத்தில் பக்க மூலையை மடித்த ஒரு புரொபசரிடமே அபராதம் வாங்கியவர்.

"என்ன செய்றீங்க?"

வேதசிரோமணியின் வாயிலிருந்து, அவனைக் கேட்காமலே, ஒரு பொய் புறப்பட்டது. "பழைய காகிதம் பாக்கறேன் மேடம். அரிகிருஷ்ணன் சார் நாடகத்துல கடைசிப் பக்கம் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. அதே வயசுக் காகிதம் கிடைச்சா ஒட்டிடலாம்னு..."

ஞானஜோதி அம்மாள் முகம் மலர்ந்தது. மூன்று வருஷத்தில் அவர் முகம் மலர்ந்து அவன் பார்த்ததே இல்லை. "இவ்வளவு அக்கறையா உங்களுக்கு? மீதிப் பக்கங்களை நாளைக்கு என் மேஜையில வைங்க. நானும் படிச்சுப் பாக்கறேன்."

அங்கேதான் பிடித்தது வினை. மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிடக்கூடப் போகாமல் எண்பத்துமூன்று பக்கத்தையும் முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அவன் என்ன பதில் சொன்னான்?"

"ரிப்பேர்ல இருக்கு மேடம்."

"ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிருப்பீங்கல்ல?"

"சஸ்பென்ஸைக் கெடுக்கக்கூடாதேன்னு பாக்கறேன்."

பிரதி பிரின்ஸிபாலிடம் போனது. அவரிடமிருந்து அவர் மனைவிக்குப் போனது. ஒரு வாரத்தில் கல்லூரியே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட், வந்தவன் அசல் மகன்தான் என்றது. மேத்ஸ், வந்தவன் ஃபிராடு என்று சத்தியம் பண்ணியது. கேண்டீனில் டீ ஆற்றுகிறவர், "என் மச்சான் பந்தயம் கட்டிக்கீறான், ஒரு வார்த்தை சொல்லு சார்" என்று வேதசிரோமணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார்.

பிரின்ஸிபால் அதற்கும் மேலே போனார். "இருபத்தொன்பதாம் தேதி லைப்ரரி டே. அரிகிருஷ்ணன் சாரையே கூப்பிடுவோம். அவர் முன்னாலேயே கடைசிக் காட்சியைப் பசங்க மேடையில படிக்கட்டும். அதுவரைக்கும் யாருக்கும் முடிவைச் சொல்லாதீங்க வேதசிரோமணி. மறுநாள்தான் கமிட்டி. உங்களுக்கும் நல்லது" என்று தட்டிக்கொடுத்தார்.

வேதசிரோமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. "போய் உண்மையைச் சொல்லிடுங்க. பெரிய மனுஷர், மன்னிச்சிடுவார்" என்றாள் யூனிஸ்.

சொல்லிவிடுவது என்றுதான் பம்மலுக்கு சைக்கிள் மிதித்தான். அரிகிருஷ்ணன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய கார், அதைத் துடைத்தபடி டிரைவர் சிட்டிபாபு.

"வாங்க தம்பி. நாடகத்தைப் படிச்சீங்களா?" குரலில் ஒரு ஆவல் இருந்தது.

"படிச்சேன் சார்."

"முழுசாவா?"

இந்த இடத்தில் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஒரு எழுத்தாளர் கண்ணைப் பார்த்துக்கொண்டு ‘முழுசாகப் படிக்கவில்லை’ என்று எப்படிச் சொல்வது? "முழுசா சார். முடிவு பிரமாதம்!"

அரிகிருஷ்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "பிரமாதமா? எந்த இடம்?"

"அந்த... பதில் சொல்ற இடம் சார்."

"ஆமா, ஆமா. என்ன பதில்? உங்க வாயால சொல்லுங்க, கேப்போம்."

"நம்ம வாயால சொன்னா அந்த அழகு போயிடும் சார்."

"பரவாயில்ல, சும்மா சொல்லுங்க."

"லைப்ரரியில போட்டது போட்டபடி வந்துட்டேன் சார்!" என்று வேதசிரோமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்த்தபோது அவர் எழுந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தன் எழுத்தைப் பிறர் சொல்லிக் கேட்க இந்த வயதிலும் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டான். அந்த எழுத்தைத்தான் அவன் சுண்டல் மடிக்கக் கொடுத்திருக்கிறான்.

இனி ஒரே வழிதான் இருந்தது. பக்கத்தை அவனே எழுதுவது.

முதலில் எழுதியதில் வந்தவன் தாய்ப்பாசம் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் பேசினான். யூனிஸ் சிவப்பு மையால் அடித்தாள். "இவன் மகனா, பாதிரியாரா?" இரண்டாவதில் வந்தவன் சட்டையைக் கழற்றி முதுகு மச்சத்தைக் காட்டினான். "அம்மா கேட்டது ஒரு கேள்வி. இவன் எதுக்கு முதுகைக் காட்டறான்?" மூன்றாவதில் எல்லாமே அம்மாவின் கனவாகிவிட்டது. யூனிஸ் பத்துக்கு இரண்டு என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

தேதியோ இருபத்தாறு ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் மச்சத்தையே எடுத்துக்கொண்டு, அரிகிருஷ்ணனின் கையெழுத்தைப் போலவே எழுதித் தர மார்க்கெட் பக்கம் போர்டு எழுதும் சம்பத்திடம் போனான். யார் எழுத்தையும் அச்சாக இறக்கிவிடுவதில் சம்பத் கில்லாடி. மாதிரிக்கு எண்பத்துமூன்றாம் பக்கத்தைக் கொடுத்தான்.

சம்பத் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அதைப் படித்தான். பிறகு வேதசிரோமணியின் மச்சத்தையும் படித்தான்.

"இது வாணாம் சார்."

"எழுத்தைப் பத்திதான் உன்கிட்ட கேட்டேன்."

"எயுத்து கெடக்குது சார். நானு பத்து வயசுல வூட்டை வுட்டு ஓடியாந்தவன். கோயி கூவசொல்ல கெளம்புனேன். எங்கம்மா வாசப்படி கிட்ட பட்துகினு இருந்துச்சு. தாண்டித்தான் போவணும். கண்ணு மூடிக்கீது. ஆனா தூங்கல. அது தூங்குனா மூச்சு எப்டி வரும்னு எனக்குத் தெரியாதா? அப்பன் அடிக்குற அடிக்கு, புள்ள எங்கனா போயாச்சும் பொயைக்கட்டும்னு வுட்ருச்சு. ஒரு வார்த்தை சொல்லல சார்."

வேதசிரோமணி தன் மச்சக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"திரும்பிப் போனியா?"

"போனேன். அதுக்குள்ள அது பூட்ச்சு" என்று சொல்லிவிட்டு சம்பத் பேனாவைத் தேடினான். "சொல்லு சார், இன்னா எயுதட்டும்?"

இருவரும் அங்கேயே, காய்ந்துகொண்டிருந்த ஒரு லாண்டரி போர்டின் நிழலில் உட்கார்ந்து எழுதினார்கள். நாலே வரிதான் வந்தது. காகிதம் பழசாகத் தெரிய டீத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்தார்கள். யூனிஸ் அதைப் படித்துவிட்டு மதிப்பெண் ஒன்றும் போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இருபத்தொன்பதாம் தேதி ஹால் நிரம்பி வழிந்தது. ஜன்னல்களிலும் ஆட்கள். முன்வரிசையில் அரிகிருஷ்ணன், ஜரிகை அங்கவஸ்திரத்தோடு, முழங்கால் மேல் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நாடகம் எழுதியவர் எதற்கு நோட்டோடு வந்திருக்கிறார் என்று யோசிக்கும் நிலையில் வேதசிரோமணி இல்லை. அவன் பக்கவாட்டுத் திரையைப் பிடித்துக்கொண்டு, எந்த வாசல் வழியாக ஓடினால் சைக்கிள் பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா வேஷத்து மாணவி கேட்டாள்: "நீ வீட்டை விட்டுப் போன அன்னிக்கு விடியக்காலையில நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

ஹாலில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

பெட்டியோடு வந்தவன் தலை நிமிர்ந்தான். "நீ ஒண்ணும் சொல்லலேம்மா. முழிச்சுக்கிட்டே கண்ணை மூடிப் படுத்திருந்தே."

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "இன்னும் ஒரு இலை போடச் சொல்லுங்க."

திரை.

கைதட்டல் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்த பிறகு நிற்கவில்லை. ஞானஜோதி அம்மாள் குடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். மேத்ஸ்காரர்கள் கெமிஸ்ட்ரிக்காரர்களின் கையைக் குலுக்கினார்கள். அரிகிருஷ்ணன் மட்டும் தலை குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஒரு பக்கத்துக்கு எனக்குப் பத்து வருஷம் ஆச்சு" என்றார். "ஒரு பட முதலாளி ரொம்ப நாளா இந்தக் கதையைக் கேட்டுக்கிட்டே இருக்கார். இன்னிக்குத்தான் கொடுக்கலாம்னு தைரியம் வந்திருக்கு."

மறுபடியும் கைதட்டல். பிரின்ஸிபால் வேதசிரோமணியின் காதருகே வந்து, "நாளைக்குக் கமிட்டி சும்மா பேருக்குத்தான். உங்களுக்கு நிரந்தரம்தான்" என்றார்.

அதைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொலைத்தது அவன். பொய் சொன்னது அவன். சம்பத்தின் அம்மாவைக் கொண்டுவந்து இன்னொருவர் நாடகத்தில் ஒட்டியதும் அவன். அந்தப் பெரியவரோ, தன் எழுத்தே தனக்கு மறந்துவிட்டது என்பதுகூடத் தெரியாமல், அதைத் தன்னுடையது என்று நம்பி மேடையில் நிற்கிறார். இதைச் சொல்லாமல் வாங்கும் நிரந்தரம் எதற்கு? வேலை போனால் போகட்டும் என்று காரின் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அரிகிருஷ்ணனைப் பிரின்ஸிபால் போண்டா சாப்பிட உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தார். காரடியில் டிரைவர் சிட்டிபாபு மட்டும் இருந்தான்.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிப் பூட்ச்சு? அய்யா இன்னா குஷியாக்கீறாரு தெரியுமா? பத்து வர்சமா இப்டிப் பாத்ததில்ல."

வேதசிரோமணியால் அடக்க முடியவில்லை. யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்தது. "சிட்டிபாபு, அவர்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். நான் பாவி. அவர் குடுத்த கடைசிப் பக்கத்தை நான் தொலைச்சிட்டேன். இப்ப மேடையில படிச்சது அவர் எழுதினது இல்ல, நானும் ஒரு போர்டு எழுதறவரும் சேந்து எழுதினது."

சிட்டிபாபு அக்கம் பக்கம் பார்த்தான். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தான்.

"இல்லாத பக்கத்தை எப்டி சார் தொலைப்பே? இது அஞ்சாவது காலேஜு. மொத நாலு பேரும் ‘ஒரு பக்கத்தைத் தொலைச்சிட்டோம், மன்னிச்சிக்குங்க’ன்னு அழுதுகினே கட்டைத் திருப்பிக் குட்த்துட்டாங்க, நீ ஒர்த்தன்தான் சார் எயுதிக் குட்த்துக்கீறே!"